வெல்லத்தை யார் வைத்துக்கொள்வது

திருத்துறைப்பூண்டி
3.9.2024

அன்பு மருமகள் அறிவுமதிக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் நீ பேசுவது என் காதில் பாதிதான் விழுகிறது. உன் அத்தையிடம் கொடுத்தால் அவள் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா விதைப்பு முடிந்தது. விஷயம் நம் பூனை வெல்லத்தைப் பற்றி. நீ தஞ்சாவூர் லேபில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அதைச் சீவிவிட ஆளில்லை. வயிற்றடி முடி சிக்குச் சிக்காகக் கட்டிவிட்டது. கழுத்தில் வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. கால்நடை டாக்டர் படர்தாமரை என்று சொல்லி, ஷாம்பு கொடுத்து, வாரம் ஒருமுறை குளிப்பாட்டச் சொன்னார். நானும் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரி அடிபம்படியில் நிறுத்தித் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். கையைக் கிழித்துவிட்டுப் பரணில் ஏறிக்கொண்டது. சோற்றுக்கு மட்டும் இறங்குகிறது.

ரைஸ்மில்லில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறாள் அத்தை. பரிதி விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் ஆசையாகக் கொண்டுவந்த பூனையை அவள் இன்னும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நீயும் அவனும் எப்படிக் குளிப்பாட்டினீர்கள் என்று எழுது.

உன் மாமா
ரெத்தினம்

---

தஞ்சாவூர்
7.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டி ஊசி போட்டுக்கொண்டீர்களா? அதை எழுதவே இல்லையே.

தலையில் வாளியோடு ஊற்றினால் நானும்தான் ஓடிவிடுவேன் மாமா. இனி அடிபம்பு வேண்டாம். கதவைச் சாத்திக் குளியலறையில் வையுங்கள். முதல் நாளே நக நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே சிவப்பாகத் தெரிகிற இடத்தில் படக்கூடாது. சிக்கை உலர்ந்திருக்கும்போதே விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீவுங்கள். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், அதன் தோல் மெல்லிசு, முடியோடு சேர்ந்து வந்துவிடும். பிரியாத சிக்கை டாக்டரே எடுக்கட்டும்.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் பழைய துண்டு போடுங்கள். கால் வழுக்கினால்தான் அது மிரளும். வயிறு நனைகிற அளவு இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். கழுத்துக்குக் கீழே சின்னக் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும், காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. நம் ஷாம்பு, டெட்டால் எதுவும் ஆகாது, நக்கினால் விஷம். டாக்டர் கொடுத்ததை அவர் சொன்ன நேரம் ஊறவைத்து, துளி மிச்சமில்லாமல் அலசிவிடுங்கள். படர்தாமரை நமக்கும் ஒட்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளால் முடியாது மாமா. பரிதி இருந்தபோது அவர் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார், நான் ஊற்றுவேன்.

தீபாவளிக்குள் இங்கே வீடு பார்த்துவிடுவேன். அப்போது வெல்லத்தை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் கேளுங்கள்.

அன்புடன்
அறிவுமதி

---

திருத்துறைப்பூண்டி
16.9.2024

அன்பு அறிவுமதிக்கு,

ஊசி போட்டாயிற்று, கவலைப்படாதே. நேற்று வெல்லம் குளித்தது.

பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நான் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தபோது பரிதியின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவன் பீரோவை அவள் திறந்து நான் பார்த்ததில்லை. பூனையைத் தூக்கித் தொட்டியில் வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது கத்த ஆரம்பித்ததும், "முடிஞ்சிடுச்சுடா ராசா, அவ்வளவுதான்" என்றாள். சின்ன வயதில் அவனுக்குத் தலை தேய்க்கும்போது சொல்கிற அதே பேச்சு. எனக்குக் கை ஓடவில்லை. "தண்ணி ஆறுது, ஊத்துங்க" என்று அதட்டினாள். துண்டில் சுற்றி, வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஈரம் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீடு பார்க்கிறாயே, தனியாக இருக்கவா? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மாமா

---

தஞ்சாவூர்
21.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. எல்லாரும் என்ன என்று கேட்டார்கள்.

தனியாக இல்லை மாமா. வீரமணி என்று ஒருவர், எங்கள் லேபில்தான் வேலை செய்கிறார். நாகப்பட்டினம் பக்கம், அவர் அப்பா கடலுக்குப் போகிறவர். பரிதியைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் பேசும்போது நடுவில் பேச்சை மாற்றாமல் கேட்கிறார். பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம்.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு வீடு என்று இருந்தது உங்கள் வீடுதான். பரிதியை மறந்துவிட்டேன் என்று அத்தை நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. மறக்கவில்லை மாமா.

வெல்லத்தை எப்போது அழைத்துப் போகலாம் என்று எழுதுங்கள். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அறிவுமதி

---

திருத்துறைப்பூண்டி
29.9.2024

அன்பு மகள் அறிவுமதிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. அத்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்று அவள் சாப்பிடவில்லை. இன்று காலை பூனையைக் குளிப்பாட்டிவிட்டு, அதைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "நல்லா இருக்கட்டும்னு எழுதுங்க. கல்யாணத்துக்கு நான் வரல. வந்து நின்னா அழுதுடுவேன், அது அந்தப் பொண்ணுக்கு வேணாம். பூனையை மட்டும் கேக்க வேணாம்னு சொல்லுங்க."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் உன் பக்கம் நியாயம் தெரிகிறது. இருந்தாலும் அவள் மடியிலிருந்து அதை வாங்கி உன்னிடம் கொடுக்க என்னால் முடியாதம்மா. வந்து பார்த்துவிட்டுப் போ. வீரமணி தம்பியையும் அழைத்து வா. முதல் தடவை அத்தை அவரிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே. தேதி எழுது, நான் வருகிறேன். இவர் உனக்கு என்ன முறை என்று அங்கே யாராவது கேட்டால் தயங்காதே. மாமா என்றே சொல். அதை மாற்ற வேண்டியதில்லை.

உன் மாமா
ரெத்தினம்