சரி என்று சொல்லாமல் போனவருக்கு

அம்மா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வரி முடிப்பதற்குள் இரண்டு சட்டை தேய்த்துவிடலாம். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். எழுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை இஸ்திரி வண்டியின் அடித்தட்டைத் துடைத்தபோது உங்கள் நீலக் குர்தா கிடைத்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் அதை வாங்க யாரும் வரவில்லை. மடிப்பு கலையாமல் இருந்தது. பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொரட்டூரில் உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஆறு பள்ளிக்கூடப் பெண்களை உட்கார வைப்பீர்கள். தமிழ் எழுதப் பழக்கும் செயலி ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்தீர்கள். திறமூல மென்பொருள் என்றால் யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் போகலாம் என்று நீங்கள் சொல்லிக் கொடுப்பது என் வண்டி வரைக்கும் கேட்கும். "எழுத்து தெரிஞ்ச நாமளே சோதிச்சா என்ன தெரியும்?" என்று ஒருநாள் போனை என் கையில் கொடுத்தீர்கள். விரலால் 'அ' போடச் சொன்னது. பாதி சுழிப்பதற்குள் சிவப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டது.

"இன்னாம்மா இது, என்னை உட்டுட்டு ஓடிக்கினே கீது? நானு இன்னா, ரயிலா புடிக்கப் போறேன்?" என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க. தாத்தா சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க," என்றீர்கள்.

திருத்த முன்வந்தவள் வாசுகி. பதினொன்றாம் வகுப்பு, சேக்காட்டிலிருந்து ஆவடி வந்து ரயிலேறி வருவாள். மெதுவாக எழுதுகிறவர்களுக்குச் செயலி காத்திருக்கும்படி மாற்றினாள். யார் எதைத் திருத்தினாலும் நீங்கள் பார்த்து 'சரி' போட்டால்தான் அது செயலிக்குள் சேரும். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும். அவள் என் வண்டிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

உங்களிடம் வந்து கேட்டேன். "சின்னப் பொண்ணும்மா. ஒரு தபா சரின்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

"பாவம் பார்த்து சரின்னு சொன்னா, அது நான் அவளுக்குப் பண்ற துரோகம் தாத்தா."

நான்காம் முறை அவள் அனுப்பியபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். திரும்பி வரவில்லை.

அனுமதி உங்கள் ஒருவர் கையில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் கணினியில் இருந்ததை எல்லாம் உங்கள் தம்பி அழித்துவிட்டு எடுத்துப் போய்விட்டார்; கடவுச்சொல்லும் அதோடு போயிற்று. எல்லோருக்கும் பொது என்று வாய் ஓயாமல் சொன்னீர்களே, சாவியை மட்டும் ஏனம்மா உங்கள் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தீர்கள்? ஆறு பேரில் ஒருத்தியையாவது நம்பியிருக்கக் கூடாதா?

இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் செயலியை அப்படியே நகல் எடுத்துத் தனியாக நடத்தலாம் என்றார்கள் மற்ற பெண்கள். வாசுகி ஒத்துக்கொள்ளவில்லை. வருவதையும் நிறுத்திவிட்டாள். மாதங்கள் போயின. எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. ஒருநாள் வண்டியை மூடிவிட்டு ரயிலேறி அவள் வீட்டுக்கே போனேன்.

"அக்கா சரின்னு சொல்லாதது உள்ள போகக் கூடாது தாத்தா."

"அக்கா எங்கேர்ந்து வந்து சொல்லும்? அதுவரிக்கும் நானு கைநாட்டாவே இருக்கணுமா?"

அவள் எழுந்துபோய்க் கணினியைத் திறந்து, செயலியை நகல் எடுத்து அதில் தன் திருத்தத்தைச் சேர்த்தாள். அந்த நகலில், அவள் திருத்தத்தில்தான் நான் எழுத்துக் கற்றேன். அது எனக்காகக் காத்திருந்தது. 'அ' போட முதல் நாள் எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்குப் படிக்க வந்ததும் வாசுகியிடம் இணையத்தில் இருக்கும் உங்கள் பழைய பக்கத்தைக் காட்டச் சொன்னேன். நீங்கள் அவளுக்கு எழுதிய மூன்று பதில்களும் அங்கே அப்படியே இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றிலும் முதல் வரி, 'நன்றாகச் செய்திருக்கிறாய்.' அதற்குக் கீழேதான் குறைகள். நான் அந்த வரியை உரக்கப் படித்தபோது வாசுகி சொன்னாள்: "அது எல்லாருக்கும் போடறதுன்னு நெனச்சேன் தாத்தா. நேர்ல ஒரு வாட்டிகூட சொன்னதில்லையே."

எதிரில்தானே உட்கார்ந்திருந்தாள், அம்மா. கையெட்டும் தூரம்.

இந்தப் புதிய நகலில் 'சரி' போடும் அனுமதி மூன்று பேருக்கு. அதை வாசுகிதான் பிடிவாதமாக வைத்தாள். மூன்றாவது ஆள் நான். பாடத்தில் எதை மாற்றினாலும் நான் பயன்படுத்திப் பார்த்து 'சரி' போட வேண்டும். திருவேற்காட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அனுப்பியது நான்கு நாட்களாக என்னிடம் இருக்கிறது. எழுத்துகளைச் சிறியதாக்கிவிட்டாள், என் கண்ணுக்குத் தெரியவில்லை. திருப்பித்தான் அனுப்ப வேண்டும். பாவம் பார்க்கவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டு, "நல்லா பண்ணிக்கீறே கண்ணு, எழுத்துதான் பொடிசா கீது," என்று வாயால் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிச் சிரிக்க வாசுகிக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்க உங்களுக்கும் கிடைக்கவில்லை.

கை வலிக்கிறது. உங்கள் மேல் கோபம் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் துணி குறைவாக வரும் நாளில் அதையும் எழுதுகிறேன்.