கல் தின்ற படம்

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டிய அண்ணனுக்கு,

நன்னிலத்தில் குறுவை அறுத்தாகிவிட்டது. அண்ணி தனியாகவே நின்று, மெஷின் பிடித்து அறுத்தார்கள். விதைநெல்லைக் கடித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நீங்கள் ஒரு நெல்லை விரலால் உருட்டிப் பல்லில் வைத்தால் போதும், ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவீர்கள். அந்தப் பல்லையும் விரலையும் நம்பாமல் என்னைப் போய் நம்பினீர்களே, ஏன் அண்ணே?

ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த கல்லைத்தான் சொல்கிறேன். கடலடியில் கொதிநீர் பீறிடும் இடத்தில் உலோகமும் கந்தகமும் சேர்ந்து இறுகிய கல். பொன்னாக மின்னியது. "தங்கமா பாப்பா?" என்று கேட்டீர்கள். எல்லோர் முன்னாலும் சிரித்தேன். "இத எப்படி வச்சுக்கணும்?" என்றீர்கள். போனைப் பார்த்தபடியே, "கல்லுதானே, எங்கயாவது போடுங்க" என்றேன்.

நீங்கள் எங்கேயோ போடவில்லை. தகரப் பெட்டிக்குள், சட்டம் போடாத அம்மா படத்தின் மேல் வைத்தீர்கள். அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அது.

அந்தக் கல் எப்படிக் கெடும் என்று ஆராய்வதுதான் என் வேலை. நீங்கள் ஒன்பதாம் வகுப்போடு நின்று என்னை அனுப்பியது இந்தப் படிப்புக்குத்தான். கொதிநீர் நின்றதும் குளிர்ந்த கடல்நீர் கல்லை அரிக்கத் தொடங்கும். ஆக்சிஜன் பட்டுப்பட்டு மினுக்கம் போகும், செம்பு இருந்த இடம் பச்சையாகும், இரும்பு துருவேறி செம்மண்ணாக உதிரும். சேறு மூடிய கல் மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். இப்படி அரிக்கும்போது அமிலம் கசியும். கடலில் அதைக் கரைக்க அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. உங்கள் பெட்டியில் அம்மாவின் முகம்தான் இருந்தது. காற்றிலுள்ள ஈரமே கல்லுக்குப் போதுமாக இருந்தது.

ஐப்பசி பிறப்பதற்கு முன் போன் செய்தீர்கள். "படம் கருகினாப்ல பொடிப்பொடியாப் போச்சு பாப்பா. கல்லு மேல வெள்ளையா ஏதோ பூத்திருக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால், "கூரை ஒழுகியிருக்கும். நீங்கதான் கவனிக்கல" என்றேன்.

"பெட்டியில ஈரமே இல்லியே. தொட்டுப் பாத்தேன்."

"தொட்டுப் பாத்தா தெரிஞ்சுடுமா? எதையும் பத்திரமா வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும். மன்னிச்சுக்க பாப்பா" என்றீர்கள். மன்னித்தேன். ரொம்பப் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

மறுநாள் காலை, ஒழுகாத கூரையைச் சரிபார்க்க ஏறினீர்கள். சறுக்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த பிறகு ஓடு மாற்ற வந்த கொத்தனார் இறங்கி வந்து என்னிடம் கேட்டார். "அவரு சறுக்கின ஓரத்த விட்டா ஒரு ஓடுகூட வெலகலியே. எதுக்கும்மா ஏறினாரு?" நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தேன்.

அண்ணி இன்றும் அழுதுகொண்டே உங்களைத்தான் திட்டுகிறார்கள். "ஒரு படத்தப் பாத்துக்கத் தெரியல, அதுக்கு உசுர விட்டாரு" என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். என்னை விட்டால் தனக்கு யாருமில்லை என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம். உண்மையைச் சொன்னபின் அந்த வீட்டில் எனக்குச் சோறு போடுவார்களா? ஒரு வருஷமாக என் வாயை அடைத்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

பத்திரிகைக்கு அனுப்பியிருக்கும் இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணி எதிரே உட்கார்ந்து நானே வாசிப்பேன். ஒரு வரியையும் விட மாட்டேன். வாசலைக் காட்டினால் போய்விடுவேன். உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் அண்ணே. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பாப்பா