வேப்பிலை கட்டிய கட்டில்

வெள்ளைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சேறு படாமல் வெறுங்காலோடு தோட்டத்து லயத்து வீட்டுப் படியேறி வரும் என் தேவகி அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கட்டுமா என்று டீச்சர் கேட்டார். சேர்க்கட்டும் அக்கா. ஆஸ்பத்திரியில் உன்னிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுத பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

நம் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா பூவாயி அக்காவின் மகள் செல்வியை உனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வயது. மூன்று வாரத்துக்கு முன் அவளுக்கு அம்மை போட்டது, உடம்பெல்லாம் மணல் தூவினாற்போல. உடனே வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். ஆத்தா இறங்கிய வீட்டில் மருந்தைப் பற்றிப் பேசலாமா?

இதற்குத்தான் நீ வார்டில் ஒரு வழி வைத்திருந்தாய். தோட்டத்துப் பிள்ளை அம்மையோடு வந்தால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கட்டிவிடுவாய். "ஆத்தாவும் நம்ம கூடவே வந்துட்டா. இனி மருந்து குடுக்கலாம்" என்பாய். "இது ஆஸ்பத்திரியா, கோயிலா?" என்று மேட்ரன் ஏசினாராம். "இலையைக் கழட்டினா தாய் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிருவா. நீங்களே புடிச்சு நிறுத்துங்க நோனா" என்று நீ சிங்களத்தில் சொன்னதை எங்களுக்கு நடித்துக் காட்டினாய். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

எத்தனையோ மாறிவிட்டது என்பாய். இங்கிலீஷில் எழுதிய வார்டுக் குறிப்பைச் சிங்களத்தில் எழுதச் சொன்னபோது, என் சிங்களப் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துப் பழகினாய். "இருபத்தஞ்சு வயசுல பாலர் வகுப்பு" என்று உன்னை நீயே கேலி செய்துகொண்டாய். ஆனால் பெரிய மாற்றம் நம் லயத்தில்தான். பயந்து ஒளிந்தவர்கள் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனார்கள்.

நீ டைபாய்டு நெருப்புக் காய்ச்சல்காரர்களைக் கவனித்து, அதே காய்ச்சலில், அதே ஆஸ்பத்திரியில் செத்துப்போனாய். அதற்குப் பிறகு இங்கிருந்து ஒருவரும் அங்கே போகவில்லை.

மூன்றாம் நாள் செல்வி மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. குழாயடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டே நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது: அம்மையைவிட அதன் பின்னால் நெஞ்சில் இறங்கும் சளிதான் பொல்லாதது, குழி விழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

"பூவாயி அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"வந்துட்டாங்க சின்ன டாக்டரம்மா, புஸ்தகமும் கையுமா! உன் அக்காளையே காப்பாத்தாதவனுங்க எம்புள்ளையையா காப்பாத்தப் போறானுங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எங்கள் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அவ சொல்றதுல என்ன தப்பு? ஒண்ணைக் குடுத்தது போதும்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பல்லேபொலையிலிருந்து பிள்ளையோடு வார்டுக்கு வந்த ஒரு தாயைப் பற்றி நீ சொன்னதை யோசித்தேன். "பிள்ளை பிழைச்சிரும், நான் பொறுப்பு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாய். மத்தியானத்துக்குள் பிள்ளை போய்விட்டது. அவள் உன்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வையை ஒழுங்காக மடித்து உன் கையில் தந்துவிட்டுப் போனாள். "அதுக்கப்புறம் பிழைக்கும்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. கூடவே இருக்கேன்னு மட்டும்தான் சொல்றேன்" என்றாய்.

மறுநாள் காலை எனக்குச் சரித்திரப் பரீட்சை. போகவில்லை. பூவாயி அக்காவின் வாசலில் போய் நின்றேன்.

"பிழைக்கும்னு சொல்ல எனக்குத் தெரியாதுக்கா. எங்கக்கா செத்தது உண்மைதான். ஆனா நான் உங்க கூட வர்றேன். நீங்க வீடு திரும்புற வரைக்கும் நானும் திரும்ப மாட்டேன்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, நிலையில் செருகியிருந்த வேப்பிலையை உருவி என் பையில் வைத்தாள். "காத்துப் படாம போர்த்திக் கொண்டு போங்க. உக்குவளை பஸ்ஸு எட்டு மணிக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் உன் இடத்தில் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ்ஸி இருந்தாள். வேப்பிலையைக் கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தாள். "தேவகி மிஸ்ஸி காட்டித் தந்ததுதானே" என்று சொல்லிக் கம்பியில் கட்டினாள்.

நான் உன் தங்கை என்று தெரிந்ததும் அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். நீ நாலு நாள் காய்ச்சலோடு வேலை செய்தாயாம். உன் நெற்றி கொதித்ததை அவள் தொட்டுப் பார்த்தாளாம். "ஆள் இல்ல, ஞாயித்துக்கிழமை போகட்டும். வீட்டுல சொல்லிடாத" என்றாயாம்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்ன நீ, நாலு நாள் ஏன் காத்திருந்தாய் அக்கா? எங்கள் நெற்றியெல்லாம் உன் கைக்குத் தெரியும். உன் நெற்றி மட்டும் எங்களுக்கு வேண்டாம் என்று நினைத்தாயா?

வார்டில் ஐந்தாம் நாள் செல்வி, பசிக்கிறது, பாண் வேண்டும் என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுப் பூவாயி அக்காவும் அழுதாள். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள், மூன்று பேரும் ஒன்றாகவே திரும்பினோம். மேல் லயத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண், ஆஸ்பத்திரிக்குத் தன்னோடும் வருவேனா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அந்த நாலு நாளை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

இப்போது அம்மா தினமும் விடிந்ததும் என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அசையாமல் படுத்திருக்கிறேன். ஒரு நாள் நானும் வெள்ளை உடுப்புப் போடுவேனோ என்னவோ, தெரியாது. ஆனால் உடம்பு சுட்டால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்வேன், வார்டில் யார் காத்திருந்தாலும் சரி. அதில் மட்டும் உன்னைப்போல் இருக்க மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிள்ளை,
உன் தங்கை ரஞ்சிதம்