தாசு இருந்த இடம்

வாழவந்தி,
6.10.1993

அன்புள்ள கண்ணு லூர்துசெல்விக்கு,

ஐயாக்கண்ணு பெரியப்பா தன் கையாலேயே எழுதுவது. யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. எங்கள் ஊரில் அறிவொளி வகுப்பு நடக்கிறது. சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு ஓடிவிடுவேன். எனக்கு முன்னால் யாரும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. இப்போது உப்புப் பாக்கெட் படிக்கிறேன். பஸ் போர்டு படிக்கிறேன், பஸ் நின்றால்தான். உன் விலாசம் உங்கப்பன் வேலை செய்த எஸ்டேட்டின் ரைட்டர் கொடுத்தார். அதையும் படித்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

உங்கப்பன் மரியதாஸ் இருந்தவரை எனக்கு எழுத்து எதற்கு? சின்ன வயதில் அவன் மிஷன் பள்ளிக்கூடம் போனான், நான் அவன் மாட்டையும் சேர்த்து மேய்த்தேன். அதற்குப் பதிலாக ஆயுசு முழுக்க எனக்கு எல்லாம் படித்துச் சொன்னான். அவன் போன பிறகு ஒருநாள் நம்ம ஊர் பஸ் என்று ஏறி மாரமங்கலத்தில் போய் இறங்கினேன். திரும்பி நடந்து வரும்போது வழியெல்லாம் அவனைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஏற்காடு வருகிறீர்கள். நான் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகுதான் தாசுவின் கல்லறைக்குப் போவேன். மெழுகுவத்தி எரிந்து தீர்ந்திருக்கும், சாமந்திப் பூ கிடக்கும். பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள் என்று மனசு நிறையும். ஆனால் இவ்வளவு தூரம் மலையேறி வந்துவிட்டு என் வீட்டில் ஒரு வாய் காபி குடிக்காமல் போகலாமா? மற்ற நாளிலும் ஏற்காட்டுக்குப் போனால் புல்லைப் பிடுங்கிவிட்டு, தாசுவிடம் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் வருவேன். இங்கே பேச வேறு ஆள் கிடையாது. பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பையன் திருப்பூரில் இருக்கிறான்.

இந்த வருஷம் பகலிலேயே வருகிறேன். சிலுவையில் இருக்கும் அவன் பெயரை நான் வாசிக்க வேண்டும், நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அம்மாவையும் கூட்டி வா.

இப்படிக்கு,
வெ. ஐயாக்கண்ணு
(இது கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

•

நெய்வேலி,
14.10.1993

அன்புள்ள பெரியப்பாவுக்கு லூர்துசெல்வி வணக்கத்தோடு எழுதுவது.

அம்மா நலம். உங்கள் கடிதம் என்றதும், "ஐயாக்கண்ணு அண்ணன் எழுதுச்சா? பொய் சொல்லாத புள்ள" என்றார்கள். அம்மாவுக்கு எழுத்து தெரியாதல்லவா, காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஆமா, இது அண்ணன் உழவு ஓட்டுனாப்பலதான் இருக்குது" என்று சிரித்தார்கள். அம்மா சிரித்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் முழுவதையும் வாசித்துக் காட்டவில்லை. கல்லறை பற்றி எழுதியிருந்ததை விட்டுவிட்டேன்.

எப்படிச் சொல்வது பெரியப்பா? அப்பா போனதிலிருந்து கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் யாரும் ஏற்காட்டுக்கு வரவில்லை. அப்பா அங்கே இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் உயிர் போன அன்று மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. அடிவாரத்துக்கு மேல் வண்டி போகவில்லை. சேலத்திலேயே அடக்கம் செய்துவிட்டோம். எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய ஒரு தடவை வந்தபோது என் அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்குக் கல் கட்ட எங்களால் முடியவில்லை. கட்டாத குழியைச் சில வருஷம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். போன வருஷம் நான் மட்டும் போனேன். அப்பாவின் இடத்தில் வேறு பெயரோடு ஒரு சிலுவை நின்றது. அம்மாவுக்கு இது தெரியாது. "ஒரு தடவ கூட்டிட்டுப் போ சாமி, அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தர்றேன்" என்று தினமும் கேட்கிறார்கள். நானும் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் யாருடைய கல்லறையில் புல் பிடுங்கினீர்களோ. எங்களை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
லூர்துசெல்வி

•

வாழவந்தி,
6.11.1993

அன்புள்ள கண்ணு லூர்துசெல்விக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தானே வாசிக்கிறேன். 'அப்பா அங்கே இல்லை' என்பது ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அப்புறம் கொஞ்ச நாள் வகுப்புக்குப் போகவில்லை.

உங்கப்பன் செத்த சேதி, பஸ் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வந்தது. ஏற்காட்டுக்கு ஓடினேன். கல்லறைத் தோட்டத்தில் புது மண் ஒன்றுதான் இருந்தது. யாரையும் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தப்பு என்னுடையது. உன் அண்ணனைத் திட்டாதே.

திருநாளன்று பகலிலேயே போனேன். ஒரே பனி. சிலுவைக்குக் கிட்டே குனிந்து வாசித்தேன். அருளாயி என்று இருந்தது. நிமிர்ந்தால், பின்னால் மெழுகுவத்தியோடு ஓர் அக்காளும் தம்பியும் நிற்கிறார்கள்.

"ஏனுங்க பெரியவரே, எங்கம்மாளுக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்றான் தம்பி. ஒரு மாதிரியாகத்தான் கேட்டான்.

"ஒறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சாமி. இது எங்க தாசுன்னு நெனச்சு அஞ்சு வருசமா பேசிக்கிட்டு இருந்துட்டனுங்க."

அக்காள் சிரித்துவிட்டாள். "பேசுனீங்களா? எங்கம்மாளுக்குச் சுத்தமா காது கேக்காதுங்களே."

"அதானே பாத்தனுங்க. தாசுவா இருந்தா நடுவுல நாலு பேச்சு பேசியிருப்பானுங்க."

தம்பியும் சிரித்தான். "புல்லெல்லாம் புடுங்குனது நீங்கதானா? கோயில்ல ஆளு வெச்சிருக்காங்கன்னு இருந்தமுங்க" என்றான். அந்த அக்காள் என் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தாள். "உங்க சிநேகிதருக்கும் இங்கயே ஏத்திருங்க. எங்கம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

ஏற்றினேன். அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பேச்சும் வாயில் வரவில்லை, கண்ணு.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப் போ. அதே இடத்தில் உட்காரவை. சிலுவையில் யார் பெயர் இருந்தாலும் உங்கம்மாவுக்குத் தெரியப் போவதில்லை. வேண்டிய மட்டும் பேசட்டும். அந்தச் சிலுவைக்கு உரியவர்கள் வந்தால் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல். கோபிக்க மாட்டார்கள். இது பொய்தான். ஆனாலும் அருளாயி மேட்டில் ஐந்து வருஷம் உங்கப்பன் என்னோடு இருந்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

என்னை மட்டும் கூட வரச் சொல்லாதே. நேற்றும் அருளாயியிடம் போய்ப் பார்த்தேன். சிலுவைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அப்போதும் தாசுவிடம் பேச முடியவில்லை. சுற்றிலும் எல்லாச் சிலுவையிலும் எழுத்து இருக்கிறது. கண்ணில் பட்டால் வாசித்துவிடுகிறேன்.

உன் பெரியப்பா,
வெ. ஐயாக்கண்ணு