விளக்கு வைத்த பிறகு கேட்ட கத்தி

சாரல் பிடித்துவிட்டது. இந்த ஈரத்தில் நாலு நாள் விட்டால் துருப்பிடித்துவிடுமே என்று, இன்று காலை உன் பேனாக்கத்தியை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

தென்காசி ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் ஒரே கவுண்டரில் நின்றோம். குத்துக்கல்வலசையில் அடுத்தடுத்த வீடு. மற்றவர்கள் கைப்பையில் சீப்பும் பவுடரும் இருக்கும். உன் பையில் விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி. பண்டல் பிரிக்க, விலைச்சீட்டு நூலை அறுக்க, மத்தியானம் மாங்காய் கீற, டிபன் டப்பா மூடி இறுகிக்கொண்டால் நெம்ப என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கடையில் நாலு கத்தரிக்கோல் கிடந்தாலும் எல்லோரும் உன்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

பொம்பளைப் பிள்ளைக்குக் கத்தி எதற்கு என்று முதலாளி ஒருமுறை கேட்டார். நான் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெண், எங்கள் ரத்தத்திலேயே உண்டு என்று முகத்துக்கு நேரே சொன்னாய். கடையத்தில் உன் பிறந்த வீட்டில் ஒரு மடக்கெழுத்தாணி இருந்ததாம். ஒரு முனை ஓலையில் எழுத, மறு முனை ஓலையை நறுக்க. இரண்டையும் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்வார்களாம். வெள்ளைக்காரன் இறகைச் சீவி எழுதிய காலத்தில் அந்த இறகைச் சீவ வைத்திருந்ததுதான் பேனாக்கத்தி என்றும் நீதான் சொன்னாய். “எழுதுறவன் கையில கத்தி இல்லாம இருந்ததே இல்லட்டி. பால்பாயிண்ட் பேனா வந்த பொறவுதான் எல்லாருக்கும் மறந்துபோச்சு.”

எனக்கோ கத்தி என்றால் ஆயிரம் சாத்திரம். கைக்குக் கை வாங்க மாட்டேன். கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்பேன். நேராக வாங்கினால் சண்டை வருமே. நமக்குக் கத்தி இல்லாமலே தினமும் வருகிறதே என்று சிரிப்பாய். சிரித்தாலும் ஒரு நாள்கூட என் கையில் நீட்டியதில்லை, மேசையில்தான் வைப்பாய். என் கிறுக்குத்தனத்துக்கு என் வீட்டில்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை கொசுவலைக்குக் கயிறு அறுக்க உன் கத்தியை வாங்கி வந்திருந்தேன். சாயங்காலம் நீ வாசலில் வந்து நின்றாய். மறுநாள் விடியக்காலையில் நீயும் உன் வீட்டுக்காரரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறீர்கள், மங்குஸ்தான் வாங்கினால் ஓடு கீற வேண்டும், கத்தியைக் கொடு என்று கேட்டாய். நான் அப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன். விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் இரும்பும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது.

“விளக்கு வச்சாச்சுட்டி. காலையில வந்து எடுத்துக்கோ.”

“அஞ்சு மணிக்கு நீ எந்திரிச்சிருவியாக்கும்” என்று கேலி செய்துவிட்டுப் போனாய். காலையில் நீ கதவைத் தட்டவில்லை. என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மீதியைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சாரலுக்காகத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாய். குற்றாலம் ரோட்டில் அதன் நுனி பின்சக்கரத்தில் சிக்கிவிட்டது. வண்டி சாய்ந்த பிறகு நாலு பேர் ஓடிவந்து இழுத்தார்கள். துணி கிழியவில்லை, இழுக்க இழுக்க இறுகியது. அந்த இடத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், யாரென்று தெரியாத ஒரு அம்மாள் யாரிடமோ சொன்னாள்: “ஒரு பிளேடு கெடந்திருந்தாக்கூடப் பிள்ள பொழைச்சிருக்கும்.” நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, கத்தியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்காரரிடம் போனேன். எப்படி மெலிந்துவிட்டார் தெரியுமா. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கத்தியை மேசையில் வைத்தேன். நீ வந்து கேட்டதையும் நான் கொடுக்க மறுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவர் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பூக்கடை வந்தா எப்பவும் முதுகுல தட்டுவா, நிறுத்தச் சொல்லி. அன்னைக்கும் தட்டுனா. திரும்பி வரும்போது வாங்கிக்கிடலாம்னு நிறுத்தாமப் போனேன். ரெண்டாவது தடவையும் தட்டுனா. அதுவும் பூவுக்குத்தான்னு நெனச்சிட்டேன்.” கத்தியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

நான் அழுதேன். உனக்காக அழுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அவர் சொல்லி முடித்ததும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பழி என்னுடையது மட்டும் இல்லை என்று, உன் வீட்டில், உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று இரவு இரண்டு வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் மேல் தப்பில்லை அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார், எனக்குத் தெரியும். சொன்னால் பழி முழுவதும் திரும்ப என் தலையிலேயே வந்து விழும் என்று பயந்து, எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் வீட்டுக் கதவு இங்கிருந்து பத்தடிதான். இன்னும் போய்ச் சொல்லவில்லை.