ஓடவே இல்லை என்று நான் சொன்ன வண்டி

கரமனை,
ஐப்பசி 12, புதன்கிழமை.

அன்பு மீராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் நீ நம்பமாட்டாய் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது, அம்மாவின் தோள்வலி மழை நாட்களில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீயும் உடம்பு தெளிவாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நினைப்போடு காகிதத்தை எடுத்தேன். அடுத்த வீட்டு ஆர்ஷா வேலையில் சேர நீ இருக்கிற வெலிங்டனுக்கே கடல் கடந்து வருகிறாள், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் நீ சரிப்பா, அப்புறம்பா என்று முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி முடிக்க முடியாது.

இப்போது மத்தியானம். இந்த மாதம் முழுக்க இங்கே இப்படித்தான், காலையில் பளிச்சென்று வெயில், சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து, ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஈர வாசனை முதலில் தெருவுக்குள் நுழைகிறது, பின்னாலேயே மழை. எனக்கு இந்த நேரத்தில் மனசு ஒரு இடத்தில் நிற்பதில்லை. நாலரை மணி ஆனால் உனக்கு மறுநாள் பிறந்துவிடுகிறதே, நாங்கள் இன்னும் பார்க்காத ஒரு நாளுக்குள் நீ போர்த்திக்கொண்டு தூங்குகிறாயே என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருப்பேன். ஏழரை மணி நேர வித்தியாசம் என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் அம்மாவுக்குப் பிடிக்காது. "குழந்தை விஷயத்திலே ஏழரைன்னு சொல்லாதேங்கோ, ஏழு மணி முப்பது நிமிஷம்னு முழுசாச் சொல்லுங்கோ" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் பழைய காரைப் பற்றிச் சொன்னாயே, வாரண்டி சர்வீசுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, வண்டி ஓடவே இல்லைப்பா, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை நான் இங்கே ஆறு மாதம் சொல்லி, அதனால் என்ன ஆக இருந்தது என்பதை உன்னிடம் சொல்லாமலே மறைத்து வைத்திருக்கிறேன். அம்மாவும் உன்னிடம் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கோ என்று விட்டுவிட்டாள்.

நம் வண்டியை ஏப்ரல் முதல் தேதி வாங்கினோம், "ஏப்ரல் ஒண்ணாம் தேதி வண்டி எடுக்கறவா லோகத்திலே வேற ஆர் உண்டு" என்று அம்மா சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வருஷம் வேறொருவர் ஓட்டிய வண்டி, ஒரே ஒரு சாவிதான் கூட வந்தது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இரண்டு வருஷ வாரண்டி. அதற்கு நிபந்தனை, ஆறு மாதமோ ஐயாயிரம் கிலோமீட்டரோ எது முந்துகிறதோ அதற்குள் விற்ற கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்து புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? பாடம் முடிந்தால் அல்லது மணி அடித்தால், எது முந்தியோ அப்போது வகுப்பு விடும் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். நான் மணியை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரில் ஆயிரத்தெண்ணூறுகூட ஏறவில்லையே, ஓடாத வண்டிக்கு எதற்குச் சர்வீஸ் என்று. செப்டம்பரில் கம்பெனியிலிருந்து போனில் மூன்று தடவை செய்தி வந்தது, பேங்க் விளம்பரம் என்று நினைத்து அழித்தேன். செகண்ட் கியரில் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்திருந்தது, அதையும் மழைக்காலம் போனால் சரியாகும் என்று, வண்டிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி, சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தேதி அக்டோபர் ஒன்று. அன்றைக்கு மகாநவமி. நம் வீட்டில் எப்படி என்று உனக்குத் தெரியும், அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் ஆயுதமும் அடுக்கிப் பூஜையில் வைத்தால் தசமி காலையில் எடுக்கிற வரை தொடக் கூடாது. உன் பழைய அட்லஸ், அம்மாவின் பாட்டு நோட்டு, என் லாகரிதம் புத்தகம் எல்லாம் வைத்தேன். புத்தகம் என்று பெயர் இருக்கிறதே என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தையும் நடுவில் செருகினேன். சாவியை அம்மா வெள்ளித் தட்டில் வைத்தாள். வண்டிக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். நவமியன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். ஜெபசிங் என்று ஒருவர், மார்த்தாண்டத்துக்காரர், சர்வீசுக்கு வருகிற வண்டிகளை வாங்கி வைக்கிற பொறுப்பு அவருக்கு. "சார், இன்னைக்கு வண்டி கேட்டுக்குள்ள வரலேன்னா வாரண்டி போச்சு கேட்டீங்களா" என்றார். இன்றைக்கு உங்கள் இடமும் பூஜைதானே என்று கேட்டேன். "ஸ்பானர் எல்லாம் மாலை போட்டு இருக்கு சார். நான் சர்ச்சுக்குப் போறவன், ஆனாலும் ஒண்ணைத் தொட்டா ஃபோர்மேன் அடிக்க வந்துருவாரு. வேலை ஒண்ணும் நடக்காது, வண்டி வந்துதுன்னு ஜாப் கார்டு மட்டும் போடலாம். கம்ப்யூட்டரை மானேஜர் பூஜைக்கு வைக்க விடல்ல. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார். மீட்டரைத் தேதியோடு படம் எடுக்க வண்டி அங்கே இருக்க வேண்டும், புத்தகம் பிறகு வந்தால் போதும் என்றும் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. படிக்கிற பாவனையில் உட்காரலாம் என்றால் அன்றைக்குப் படிக்கவும் கூடாது. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயம் வண்டியைப் பற்றியது இல்லை மீரா. அறுபத்தொரு வயதில் அம்மா வண்டி ஓட்டக் கற்றபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, பெரிய ரிப்பேர் என்று ஒன்று வந்தால் அன்றைக்கே விற்றுவிட வேண்டும் என்பது. அவள் சொன்னால் செய்வாள். கியர் பெட்டி முனகுகிறது, வாரண்டியும் போனால் வண்டி போகும், வண்டி போனால் அவள் திரும்ப இன்னொன்றைத் தொடமாட்டாள். என் கண்ணுக்கு யாரும் இனி லைசென்ஸ் தரப்போவதில்லை, ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போவதில் எனக்கு ஒரு தனி உலகம் கிடைத்திருந்தது. விடியற்காலையில் சங்குமுகம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்புவோம், வெள்ளிக்கிழமை ஸ்ரீவராகம் கோயில். ஆள் நடக்கவே இடமில்லாத சாலைக் கடைத்தெருவுக்குள் வண்டியோடு போகிற பைத்தியக்காரத்தனத்தையும் ஒரு தடவை செய்தோம். போகும்போது கட்டிடங்களும் மரங்களும் நின்ற இடத்தில் நின்றபடி என்னைக் கடந்து போகும், நான் எதையும் பிடிக்க வேண்டாம், எங்கேயும் முந்த வேண்டாம், பாதித் தூக்கத்தில் இருக்கிறவன் போல அவள் வளையல் கியர் மாற்றும்போது எழுப்புகிற ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் சொன்னேன். அவள் சாவியைப் பற்றியோ பூஜையைப் பற்றியோ முதலில் பேசவில்லை. "ஓடலை, ஓடலைன்னு ஆறு மாசமாச் சொல்லிண்டிருந்தேளே, அப்போ நான் எங்கே போயிண்டிருந்தேன்?" என்றாள். மீட்டரில் இருந்த ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சமும் அவள் ஓட்டியது. முதல் நூறு கிலோமீட்டரில் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் அவள் கை சிவந்து போனதை நான்தான் பார்த்தேன். அத்தனையையும் நான் ஓடவே இல்லை என்ற கணக்கில் எழுதியிருந்தேன்.

பிறகு அவள் கால் கழுவிக்கொண்டு வந்து பூஜைக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். சாவியை மட்டும் எடுத்தாள், புத்தகங்களைத் தொடவில்லை. மாலையோடு வண்டி கிளம்பியது, எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய வாசனை உள்ளே வரை வந்தது. மழையில் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. விடுமுறையானதால் நாகர்கோவில் ரோட்டில் வண்டிகள் குறைவு, கைமனம் வரை ஒரே சாம்பல் நிறத் தண்ணீர்த் திரை, வைப்பர் அதைக் கிழிக்கவும் அது திரும்ப மூடிக்கொள்ளவுமாக, நாங்கள் ஏதோ ஆற்றுக்கு அடியில் போகிற மாதிரி இருந்தது. சரஸ்வதியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "தப்புன்னு தெரிஞ்சேதான் எடுக்கறேன், கோபம் இருந்தா என்கிட்டே காட்டு, வண்டிகிட்டே காட்டாதேன்னு சொன்னேன்."

பாப்பனங்கோடு தாண்டி ஒர்க்‌ஷாப் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. ஜெபசிங் குடையோடு ஓடி வந்து மாலையைப் பார்த்து நின்றுவிட்டார். "பூஜைக்கு வச்ச வண்டியை இறக்கிட்டீங்களா சாரே" என்றார். "அவர் இறக்கலை, நான் இறக்கினேன்" என்றாள் அம்மா. அவர் மீட்டரைப் படம் எடுத்து ஜாப் கார்டு போட்டார், நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். தசமி காலையில் வித்யாரம்பத்துக்கு அரிசியில் எழுதி முடித்த கையோடு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் தேதி பிரித்துப் பார்த்ததில் கியர் பெட்டிக்குள் ஒரு பேரிங் தேய்ந்து போயிருந்தது. எண்ணெயும் கறுத்துவிட்டதாம். வண்டி ஓடாவிட்டாலும் எண்ணெய் பழசாகும் என்று ஃபோர்மேன் சொன்னார், பிரிக்காத பால் பாக்கெட்டும் நாள் கடந்தால் திரிந்து போகிறதே, அப்படித்தான் என்று எனக்குப் புரிந்தது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா என்று மேலிடத்தில் கேட்டுப் பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அம்மா வண்டி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது ஸ்ரீவராகத்துக்குப் பஸ்ஸில் போகலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள், நான் பின்னாலே போகவில்லை.

பதின்மூன்றாம் தேதி ஜெபசிங் போன் செய்தார். நவமியன்று எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்களாம், ஒரு நாள் தள்ளியிருந்தால் இல்லை என்றார். போன வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் விடியற்காலையில் சங்குமுகம் போனோம். செகண்ட் கியரில் ஒரு சத்தமும் இல்லை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தெரியாத வெளிச்சம், அந்தப் பக்கம் எங்கேயோ நீ காலை வேலையெல்லாம் முடித்து மத்தியானத்தில் இருப்பாய் என்று நினைத்தேன். திரும்பும்போது அம்மா, மழை விட்டதும் கன்னியாகுமரி வரை ஓட்டிப் பார்க்கணும் என்றாள். எவ்வளவு தூரம் என்று கணக்குச் சொல்ல வாயெடுத்தவன், எப்போது கிளம்பலாம் என்று கேட்டேன்.

ஆகவே மீரா, உன் வண்டி மே மாதம் வாங்கியது, நவம்பரோடு ஆறு மாதம். வீட்டிலிருந்து ஆபீசுக்கும் கடைக்கும்தானே என்று நினைக்காதே. மழையிலும் பனியிலும் உன்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்த தூரம் அது. கடிதம் கிடைத்த அன்றைக்கே நாள் வாங்கிவிடு, முத்திரை போட்ட பக்கத்தைக் கையோடு படம் எடுத்து வைத்துக்கொள். ஏதாவது சத்தம் கேட்டால் தானாகச் சரியாகும் என்று விடாமல் அப்போதே சொல். தேதியை அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். இந்த வீட்டில் தேதிகளை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், காலண்டரில் சிவப்பு மையில் உனக்கென்று ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறாள். தெய்வம் உன் பக்கத்திலேயே இருந்து, போகிற வழியெல்லாம் நல்லபடியாக அமைய எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

அம்மாவின் இடது பக்கத்து இருக்கையிலிருந்து,
உன் அப்பா
சுப்பு