நான்காவது பிளாப்பியில் சந்தனம்

அக்கா,

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததுமே சந்தன வாசனை அடித்தது. நாளை ஆயுத பூஜை விடுமுறை. அதனால் இன்றே கும்பிட்டு முடித்துவிடலாம் என்று உள்ளே பிரஸ் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் மேஜையில் யாரோ ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் முதலில் செய்த காரியம், பிளாப்பிப் பெட்டியைப் பூட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியதுதான். திரும்பியபோது உங்கள் நாற்காலி கண்ணில் பட்டது. நீங்கள் இருந்திருந்தால், "இன்னா காலேஜு, என் கைக்கு பயந்துகினு பூட்டிட்டியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தீர்கள். அந்த லீவு முடியவே இல்லை. இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தும் நான் உங்களிடம் பேசியது கொஞ்சம். கேட்டது அதிகம். அந்தக் கணக்கில் பாக்கியிருப்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தச் சாலையில் இவ்வளவு கம்பெனி கிடையாது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் ஏரி, வயல், நடுவில் நம் தகரக் கொட்டகை. லாரிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா டீக்கடையில் "எம் பொண்ணு கம்ப்யூட்டர் பாக்குது" என்று சொல்லிவிட்டு, அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்பதற்குள் எழுந்து வந்துவிடுவாராம்.

நீங்கள் டைப்பிஸ்ட். குன்றத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருவீர்கள். கம்ப்யூட்டர் வந்தபோது உங்களோடு இருந்த இன்னொரு டைப்பிஸ்டைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்பதை மூன்றாம் நாளே தெரிந்துகொண்டேன். அதன்பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். மதியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பாவை மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன். "அப்டி ஒளிச்சிக்கினு துன்றியே, உன் புளிசோத்த யாரு புடுங்கப் போறாங்க? இந்தப் பக்கம் திரும்பு" என்றீர்கள். நான் திரும்பினேன். என் டப்பாவில் ஒரு அப்பளம் வந்து விழுந்தது.

ஐப்பசிக்குள் எனக்கு ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரில் ஓடும் பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்தது. பழைய பேக்கேஜில் அட்டவணை மட்டும் போடலாம். புதியதில் கடிதமும் அடிக்கலாம் என்றார் மேனேஜர். அவர் சொல்லும்போது நீங்கள் டைப்ரைட்டரின் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

ஆறு பிளாப்பிகள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தன. விஜயதசமியன்று போட்டால் நல்லது, அதற்கு முன் பூஜையில் வைத்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாமிக்கு வைக்கும்போது உறையோடு வைப்பானேன் என்று நான் அவற்றை உறையிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாகப் பரப்பினேன். நான்காவதைத் தலைகீழாக வைத்துவிட்டேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த நீங்கள் மானிட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, உங்கள் டைப்ரைட்டருக்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்து, பிளாப்பிகளின் மேல்நுனியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தீர்கள். மற்ற ஐந்தில் பொட்டு லேபிளில் விழுந்தது. தலைகீழாகக் கிடந்த நான்காவதில் மட்டும், உள்ளே இருக்கும் வட்டு தெரிகிற திறப்பில் விழுந்தது.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. எல்லாரும் பொரி வாங்கப் போனபின் முந்தானையால் துடைத்தேன். துடைத்ததில் பொட்டு போய் வளையமாகப் பரவியது.

மறுநாள் விஜயதசமி. காலை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முடித்துவிடும்மா என்று மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று பிளாப்பி ஒழுங்காக உள்ளே போயிற்று. நான்காவதைச் செருகியதும் மெஷின் கரகரவென்று உறுமியது. திரையில் அது ஒரு கேள்வி கேட்டது. படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, விட்டுவிட்டு மேலே போகவா? மூன்றுக்கும் ஒவ்வொரு எழுத்து. மணி பத்து இருபது. நான் ஐ எழுத்தை அழுத்தினேன். விட்டுவிட்டு மேலே போகவும் என்று அர்த்தம். இன்னும் ஒரு தடவை உறுமியது. இன்னும் ஒரு ஐ. பத்து இருபத்தெட்டுக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. மேனேஜர் எல்லாருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வேலைநாளே வினை ஆரம்பித்தது. திரையில் எல்லாம் சரியாக இருந்தது. பழைய ஃபைல் திறந்தது, கூட்டல் சரியாக வந்தது. சரக்கோடு லாரியில் போகும் சலானைப் பிரிண்ட் எடுத்தால் மட்டும் பாகத்தின் எண் ஒரு தாளிலும், எத்தனை உருப்படி என்பது அடுத்த தாளிலும் போய் விழுந்தது. வாங்குகிற கம்பெனியில் இரண்டும் ஒரே வரியில் இல்லாத சலானை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். முதல் லாரி சாயங்காலம் சரக்கோடு திரும்பி வந்து நின்றது.

அப்போது நீங்கள் டைப்ரைட்டரின் உறையை எடுத்தீர்கள். யாரும் சொல்லவில்லை. ஐந்து கார்பன் வைத்து, சலான் சலானாக அடித்தீர்கள். இரண்டு நாள் லாரிகள் உங்கள் விரலால் போயின. "டைப்ரைட்டர் போதும்மா நமக்கு" என்று டிரைவர்கள் சிரித்தார்கள். நான் அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அகலத்தைக் குறைத்தேன், கூட்டினேன். பிரிண்டர் வயரைக் கழற்றி மாட்டினேன். மெஷினை அணைத்து, விசிறியடியில் ஆறவைத்து, மறுபடி போட்டேன். என்ன செய்தாலும் அதே இரண்டு தாள்.

மேனேஜர் மெட்ராஸுக்கு, பேக்கேஜ் விற்றவர்களுக்கு, டிரங்க் கால் போட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "போடும்போது எரர் ஏதாவது வந்துச்சாம்மா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் அதையே போனில் சொன்னார். அப்படியானால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் கெட்டிருக்கும், மெஷினையே மெட்ராஸுக்குக் கொண்டுவாருங்கள், பதினைந்து நாள் ஆகும் என்று பதில் வந்தது. மெஷின் இல்லாத இடத்தில் மெஷின் பார்க்கிற பெண் எதற்கு? அன்று என் டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. அதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

மூன்றாம் நாள் மதியம் நீங்கள் அடித்த சலானையும் என் பிரிண்டரின் சலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

"காலேஜு, இங்க வா. எம்பதாவது எழுத்துல ஒடைக்குது பாரு. எல்லா லைனும். ஒண்ணு கூட தப்பல."

"அதான்க்கா, கட்டத்துல என்ன தப்புன்னு..."

"கட்டத்துல ஒண்ணியும் தப்பு இல்ல. நீ தப்பான எட்த்துல தேடிக்கினு கீற. சின்ன பேப்பர்னு நெனச்சிக்கினு அடிக்குது உன் மெஷினு. இவ்ளோ அகலமா ஒரு பிரிண்டர் கீதுன்னு அதுக்கு யாரும் சொல்லல."

பதினோரு வருஷம் தாளின் ஓரத்தைப் பார்த்தே அடித்தவருக்குத்தான் அது தெரியும். நான் ஓடிப்போய்ப் பேக்கேஜுக்குள் பிரிண்டர்களின் பட்டியலைத் திறந்தேன். பத்துப் பதினைந்து பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. மீதியெல்லாம் கிறுக்கல். அந்தப் பட்டியல் எந்த பிளாப்பியிலிருந்து வந்தது என்று லேபிளைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்காவதை உறையிலிருந்து எடுத்தேன். நீங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தீர்கள். மஞ்சள் வளையம். "என் பொட்டா இது?" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டீர்கள்.

"சார், நான்தான் சார். பூஜையப்ப இது மேல சந்தனம் வெச்சது நான்தான்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்துக்கூட இருப்பார். ஆனால் சரக்கோடு திரும்பிய லாரி அவர் மனசில் நின்றுகொண்டிருந்தது. பிளாப்பியையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லெட்டரும் இதுலயே அடிக்கலாம்னு நான் சொன்னேன் இல்ல? அன்னிக்கே உன் மூஞ்சி சரியில்ல. வேணும்னே பண்ணியா?"

கதவுக்கு வெளியே நின்ற எனக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது. ரவிக்கையின் தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. என் டப்பாவில் விழுந்த அப்பளம் ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. அந்த அறைக்குள் கூப்பிடாமல் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அவங்க வெச்சது மேல் ஓரத்துலதான். தலைகீழா வெச்சது நான். துடைச்சிப் பரப்பினதும் நான்தான். போடும்போது மெஷின் கேட்டுச்சு சார். நிறுத்தவான்னு கேட்டுச்சு. நான்தான் விட்டுட்டுப் போன்னு அடிச்சேன்."

"கேட்டப்போ ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சு சார்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "ரெண்டு பேரும் வெளிய போங்க. சாயங்காலத்துக்குள்ள ஆவலேன்னா நாளைக்கு மெஷின் வண்டி ஏறும்."

வெளியே வந்ததும் நீங்கள் என்னைத் திட்டவில்லை. "அழுவாத, கீபோர்டுல தண்ணி பட்டா அதுக்கும் என்னியத்தான் சொல்லுவான்" என்றீர்கள். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்தீர்கள். டைப்ரைட்டர் எழுத்துகளில் ஒட்டிய மையை மாதாமாதம் அதில்தான் துடைப்பீர்கள். நான் நடுவிலிருக்கும் ஓட்டையில் விரல்விட்டு வட்டைத் துளித் துளியாகத் திருப்ப, நீங்கள் குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் திறப்பின் வழியே துடைத்தீர்கள். பிளாப்பியைச் செருகும் இடத்தின் உள்ளேயும் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தோம். காய்வதற்கு அரைமணி நேரம் காத்திருந்தோம்.

மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான்காவதில் அதே உறுமல், அதே கேள்வி. என் விரல் தானாக ஐ பக்கம் போனது.

"இன்னா கேக்குதுன்னு படி. சத்தமா படி" என்றீர்கள்.

படித்தேன்.

"மறுபடி பாருன்னு சொல்லு. கேக்கறது அதோட வேல. பதில் சொல்லறது நம்ம வேல."

ஆர் அடித்தேன். உறுமியது. மறுபடி ஆர். நான்காவது தடவை உறுமல் சட்டென்று நின்று விளக்கு ஒரே சீராக எரிந்தது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அது முடிந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. கடைசி லாரியின் சலான் ஒரே தாளில், ஒரே வரியில் வந்தது. அதைக் கிழித்து டிரைவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

மறுவாரம் மேனேஜர் என் நிரந்தரத்தை மூன்று மாதம் தள்ளிவைத்தார். நியாயம்தான். உங்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. அது மட்டும் நியாயமில்லை. தள்ளிவைத்த கடிதத்தை டைப் அடித்தது நீங்கள். "ஸ்பெல்லிங் தப்பில்லாம அடிச்சிக் கீறேன், கவலப்படாத" என்று கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

அந்த மூன்று மாதமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். புதுப் பேக்கேஜில் கடிதம் அடிப்பது எப்படி என்று நான் காட்டினேன். ஒரே வாரத்தில் என்னைவிட வேகம். டைப்ரைட்டர் மாதிரி வரியின் முடிவில் மணி அடிக்கவில்லையே என்பது ஒன்றுதான் உங்கள் குறை. தை மாதம் என் நிரந்தரக் கடிதத்தை நீங்கள் கம்ப்யூட்டரில்தான் அடித்தீர்கள். நாலு வரிக் கடிதத்தை வேண்டுமென்றே அந்த அகலத் தாளில் பிரிண்ட் எடுத்து, "இப்ப தெரிஞ்சிக்கிச்சு பாரு, பேப்பர் எவ்ளோ பெருசுன்னு" என்றீர்கள். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அக்கா, நீங்கள் அந்த அறைக்குள் போகாமல் இருந்திருக்கலாம். மெஷின் வண்டியேறியிருந்தால் உங்கள் டைப்ரைட்டருக்கு மறுபடி நாள் வந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஏன் போனீர்கள் என்று ஒருநாள் வேனில் கேட்டேன். "நான் பொட்டு வெச்சது அது நல்லா ஓடணும்னுதானே?" என்றீர்கள். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டீர்கள்.

போன வாரம் ஒரு முழு மாதத்து ஃபைலை அழித்துவிட்டேன். வேறொன்றை அழிக்கப் போய் அவசரத்தில் அடித்தது. புது மேனேஜர் அறைக்கு வெளியே வந்து, யார் செய்தது என்று பொதுவாகக் கேட்டார். ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவர் கேட்டு முடிப்பதற்குள், "நான்தான் சார்" என்று ஒரு குரல் வந்தது. உங்கள் குரல் அளவுக்குச் சத்தம் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. ஆனால் அது என்னுடையதுதான்.

நான்காவது பிளாப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பேக்கேஜையே இப்போது மாற்றிவிட்டோம். வளையம் மங்கிவிட்டது. இன்று எல்லா மெஷின்களுக்கும் பொட்டு வைத்து முடித்தபின், பெட்டியைத் திறந்து அதை எடுத்து, நேராகப் பிடித்து, லேபிளில் ஒன்று வைத்தேன். பிறகு உங்கள் டைப்ரைட்டருக்கு, கொஞ்சம் பெரிதாக.